விரிசலைத் தானே மூடும் சுண்ணாம்பைச் சிமெண்ட் பூசி அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு வளர்ந்து, விரிசல் விட்டால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் பொருட்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். 'இது நம் ஊருக்கு எப்போது வரும்?' என்று இங்கே பலரும் கேட்கிறார்கள். அந்த வேலையைச் செய்கிற ஒரு பொருள் நீலகிரியின் பழைய கல் கட்டடங்களில் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. அதுதான் சுண்ணாம்புக் காரை. பழுதுபார்ப்பு என்ற பெயரில் அதன் வாயைத்தான் வருடாவருடம் சிமெண்ட் வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

முதலில் ஆய்வுக்கூடச் சரக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மைக்கேல் ஸ்ட்ரானோ குழு 2018 இல் வெளியிட்டது ஒரு கூழ். பாலக் கீரையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள் வெளிச்சத்தில் கரியமில வாயுவைக் குளுக்கோஸாக்கும்; அந்தக் குளுக்கோஸ் ஒரு நொதியின் உதவியால் கூழோடு பிணைந்து அதைக் கெட்டியாக்கும். செடியிலிருந்து பிரித்த பசுங்கணிகத்தின் ஆயுள் மிகக் குறைவு என்பது அங்கே பெரிய இடைஞ்சல். சுவர் கட்டும் வலிமையும் அந்தக் கூழுக்கு இல்லை. பூச்சாகவோ விரிசல் நிரப்பியாகவோ பயன்படலாம் என்றுதான் அவர்களே சொன்னார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் வில் ஸ்ரூபர் குழு 2020 இல் செய்தது வேறு வகை. மணலும் ஜெலட்டினும் கலந்து, அதில் நீலப்பச்சைப் பாக்டீரியாவை வளர்த்தார்கள். ஒரு கல்லை இரண்டாக வெட்டி மணலும் சத்தும் கொடுத்தால் இரண்டு கல் ஆகும். மூன்று தலைமுறை வரை அப்படி வளர்த்துக் காட்டினார்கள். 30 நாள் கழித்துக் கல்லுக்குள் உயிரோடு இருந்தவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஹெங்க் யோங்கர்ஸ் உருவாக்கிய பாக்டீரியா கான்கிரீட்டையும் இதே வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் பாக்டீரியா உண்பது கரியமில வாயுவை அல்ல, கலவையில் முன்கூட்டியே சேர்த்து வைத்த கால்சியம் லாக்டேட்டை. சுவாசிக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும்.

இனி சுண்ணாம்பு. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைக் காளவாயில் 900 டிகிரி அளவில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறி, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அது 18 கிலோ தண்ணீரோடு சேர்ந்து 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு ஆகும். சுவரில் வைத்த பிறகு இது காற்றிலிருந்து அதே 44 கிலோவைத் திரும்ப எடுத்து, 18 கிலோ தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிலோ கல்லாகிறது. ஆக, காளவாயில் போனதுதான் சுவரில் திரும்பி வருகிறது. விறகும் நிலக்கரியும் எரித்த கணக்கு தனி. 'காற்றைச் சுத்தமாக்கும் பூச்சு' என்று விளம்பரம் செய்து சுண்ணாம்பு விற்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். எங்கள் வாதம் காற்றைச் சுத்தமாக்குவது பற்றியது அல்ல, சுவர் பிழைப்பது பற்றியது.

விரிசல் மூடுவது எப்படி? நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரில் கொஞ்சம் கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம். சர்க்கரைக்கு நேர்மாறாக, தண்ணீர் குளிரக் குளிர இன்னும் கூடுதலாகக் கரையும். மழை ஈரம் மெல்லிய விரிசலில் இறங்கும்போது காரைக்குள் இன்னும் கல்லாகாமல் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு விரிசலின் வாய்க்கு வருகிறது. அங்கே காற்றில் இருக்கும் கரியமில வாயு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. நீற்றிய சுண்ணாம்பு கரைவதில் நூறில் ஒரு பங்கு அளவே இது கரையும் என்பதால் அங்கேயே தங்கிவிடும். பல முறை நனைந்து காய்ந்தால் முடி அளவு விரிசல், அதாவது 0.2, 0.3 மில்லிமீட்டர் வரை, தானாக அடைபடும். பழைய காரைத் துண்டை உடைத்தால் உள்ளே கடுகு முதல் பட்டாணி அளவு வரை வெள்ளைப் பொட்டுகள் தெரியும். 'சரியாகக் கலக்காத வேலை' என்று அவற்றைக் குறைசொல்வது வழக்கம். எம்.ஐ.டி.யின் அட்மிர் மாசிக் குழு 2023 இல் ரோமானியக் கான்கிரீட்டை ஆராய்ந்து, அந்தப் பொட்டுகள்தான் விரிசலுக்குச் சுண்ணாம்பு கொடுக்கும் கிடங்கு என்று காட்டியது. சுட்ட சுண்ணாம்பை நேரடியாகக் கலவையில் போட்டுச் சூடாகக் கலந்து அவர்கள் செய்த மாதிரிகளில் 0.5 மில்லிமீட்டர் விரிசல் இரண்டே வாரத்தில் மூடி, தண்ணீர் ஒழுகுவது நின்றது.

இந்த வேலைக்கு இரண்டு வாசல் திறந்திருக்க வேண்டும்: ஈரம் போய்வர ஒன்று, காற்று போய்வர ஒன்று. சிமெண்ட் பாயிண்டிங், அதாவது கல் மூட்டுகளின் வாயில் சிமெண்ட் வைத்துப் பூசுவது, இரண்டையும் அடைக்கிறது. நீலகிரியின் கருங்கல் சார்னோக்கைட் வகை. அதற்கு எதுவும் ஆகாது. சேதம் கல்லுக்கும் சிமெண்டுக்கும் இடையில் தொடங்கும். விறைத்த சிமெண்ட் கல்லோடு சேர்ந்து அசையாமல் ஓரத்தில் மயிரிழை விடும். அந்த இழை வழியே மழைநீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. உள்ளிருக்கும் காரை நாளடைவில் ஊறிக் குழைந்து அடியில் இறங்கிவிடும். வெளியே பார்த்தால் கோடு போட்டாற்போல் அழகான சுவர், தட்டினால் பொள்ளல். செங்கல் சுவராக இருந்தால் செங்கல்லே பொரிந்து உதிரும், ஏனென்றால் உலரும் ஈரம் காரை வழியாகப் போக முடியாமல் செங்கல் வழியாகப் போகிறது, உப்பும் அங்கேயே பூக்கிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் இதே கேட்டைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும். உதகையின் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம் 1830 இல் அர்ப்பணிக்கப்பட்டது. போர்ட்லாந்து சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824 இல்தான். அந்தத் தலைமுறைக் கட்டடங்கள் எல்லாம் சுண்ணாம்பை நம்பி நிற்பவை. அவற்றுக்கும் நேற்றுக் கட்டிய காம்பவுண்டு சுவருக்கும் ஒரே எஸ்டிமேட் வரி போடுவது சரியல்ல.

ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்பைக் காப்பாற்றும் அதே கரியமில வாயு ஆர்.சி.சி. (உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட்) தளத்துக்கு எமன். கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது கான்கிரீட்டின் காரத்தன்மையால். காற்று உள்ளே ஊடுருவிக் காரம் குறைந்து, அது கம்பி வரை எட்டிவிட்டால் துரு தொடங்கும். துருவின் பருமன் இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் கான்கிரீட் பிளந்து விழும். எனவே 'மூச்சு விடட்டும்' என்று ஆர்.சி.சி. தளத்தைத் திறந்து போடக் கூடாது. எது எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒரே மருந்து போதும்: பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பினாப்தலீன், ஆல்கஹாலில் கரைத்த 1 சதவீதக் கரைசல். புதிதாக உடைத்த முகத்தில், தூசியை ஊதிவிட்டுத் தெளியுங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் அங்கே இன்னும் காரம் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் அங்கே எல்லாம் கல்லாகிவிட்டது. சுண்ணாம்புக் காரையின் உள்ளே சிவந்தால் விரிசல் மூடும் கையிருப்பு இன்னும் உண்டு. ஆர்.சி.சி.யில் கம்பி வரை சிவக்காமல் வெளுத்தே இருந்தால் அது பொறியாளர் உடனே பார்க்க வேண்டிய தளம்.

சுண்ணாம்பால் ஆகாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். படிக்கட்டுப் போல ஏறும் விரிசல், 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்த விரிசல், மழைக்கு மழை பெருகும் விரிசல் எல்லாம் சரிவு நகர்வதன் அறிகுறியாக இருக்கலாம். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த மாவட்டத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையும் ஒட்டி, தேதி எழுதி விடுங்கள். ஒரு மழைக்காலத்துக்குள் கண்ணாடி உடைந்தால் காரை வேலையை நிறுத்திவிட்டு வடிகாலையும் அஸ்திவாரத்தையும் பாருங்கள். தடுப்புச் சுவரின் நீர்வடி துளைகளைப் பாயிண்டிங் போடும்போது சேர்த்து அடைத்துவிடுவது இங்கே சர்வ சாதாரணம். அதை முதலில் திறக்க வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கை: சுவரிலிருந்து வெள்ளையாக வழிந்து தாடி போல் தொங்கினால் 'சுண்ணாம்பு வேலை செய்கிறது' என்கிறார்கள். அது சுவர் சுண்ணாம்பை இழக்கிறது என்பதன் அடையாளம். தேயிலைச் சரிவின் மண் அமிலத்தன்மை உள்ளது. அதன் வழியே ஊறி வரும் தண்ணீர் மென்னீர், சுண்ணாம்பை எளிதில் அரிக்கும். விரிசல் மூட நனைதலும் காய்தலும் மாறி மாறி வேண்டும். இடைவிடாமல் ஓடும் நீர் கரைத்துக்கொண்டு போகுமே தவிர மூடாது. சுவரின் பின்புறம் ஓடும் ஊற்றைத் திருப்பாமல் சுண்ணாம்பு வைப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

சரக்கு வாங்குவதிலேயே பாதி வேலை கெடுகிறது. தேயிலைத் தோட்டத்துக்குப் போடும் டோலமைட் மூட்டையும் 'சுண்ணாம்பு' என்ற பெயரில்தான் கிடைக்கும். அது சுடாத கல்லின் தூள், ஒருபோதும் பிடிக்காது. கட்டுவதற்கு வாங்க வேண்டியது சுட்ட கல் சுண்ணாம்பு அல்லது கிளிஞ்சல் சுண்ணாம்பு. இந்தியத் தரநிலை 712 இல் 'சி' வகை என்று வருவது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் வழியில் மூடுபனி பட்டாலே சுட்ட சுண்ணாம்பு மூட்டைக்குள்ளேயே பூத்துத் தூளாகிவிடும். வந்திறங்கியதும் பாக்கு அளவு கட்டி ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். சில நிமிடங்களில் சீறி வெடித்துப் பொங்கினால் உயிருள்ள சரக்கு. சும்மா கிடந்தால் செத்தது. தூளாகிவிட்டதில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் அது ஏற்கெனவே காற்றைக் குடித்துக் கல்லாகிவிட்டது, திருப்பி அனுப்புங்கள். லாரியில் தார்ப்பாய் கட்டாமல் ஏற்றினால் மழை பட்டுச் சூடேறிச் சாக்கே பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

நீற்றும்போது எப்போதும் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு பங்கு கட்டிக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு தண்ணீர். குளிர்காலக் காலையில் தொட்டித் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் நீற்றல் மந்தமாகி நடுக்கட்டி வேகாமல் நிற்கும். முதல் வாளியை வெதுவெதுப்பாக ஊற்றித் தொடங்குவது நல்லது. உதகை உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதிப்பதால் தெறிப்பும் சீக்கிரம் தொடங்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை இல்லாமல் யாரும் தொட்டி அருகில் நிற்கக் கூடாது. கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொங்கி அடங்கிய பாலை 2 மில்லிமீட்டர் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம் ஊற விடுங்கள். மாதக்கணக்கில் விட்டால் இன்னும் நல்லது, வெண்ணெய் போல் இளகும்.

கலவைக்கு வருவோம். வெயில் ஊரில் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று போதும். மணலுக்கு இடையில் உள்ள வெற்றிடம் மூன்றில் ஒரு பங்கு என்பதால் வந்த கணக்கு அது. மலையில் அது மட்டும் போதாது. காரையின் நுண்துளைகளில் தண்ணீர் நிரம்பி நின்றால் கரியமில வாயு உள்ளே போகாது. காற்றைவிடத் தண்ணீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாக நகரும். வாரக்கணக்கில் மூடுபனி நிற்கும் இடத்தில் வெறும் சுண்ணாம்பு பச்சையாகவே இருந்து மழையில் கரைந்துவிடும். அதனால்தான் சுர்க்கி, அதாவது செங்கல் தூள். சுண்ணாம்பு ஒன்று, சுர்க்கி ஒன்று, மணல் இரண்டு. சுர்க்கி காற்றில்லாமலே சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். அதற்கு அரைவேக்காட்டுச் செங்கல் வேண்டும். நன்றாக வெந்து கருத்த செங்கலின் தூள் வெறும் சிவப்பு மணல்தான். சுர்க்கியை அதற்கு மேல் கூட்டாதீர்கள். கலவை சீக்கிரம் கெட்டியாகும், ஆனால் கரையக்கூடிய சுண்ணாம்பு முழுவதையும் அதுவே தின்றுவிடும், பின்னாளில் விரிசலுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. சிமெண்டை ஒரு கைப்பிடிகூடச் சேர்க்காதீர்கள். அந்த ஒரு கைப்பிடி ஆசையைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

மணல் கழுவியதாக, பல அளவும் கலந்ததாக இருக்கட்டும். பிளாஸ்டரிங் ரக எம்-சாண்டில் தூள் அதிகம், காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். பெரிய பருக்கை, மூட்டு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கான்கிரீட் டிரம் மிக்சரில் சுண்ணாம்பு உருண்டை உருண்டையாகத் திரளுமே ஒழியக் கலக்காது. உருளை அரைக்கும் பான் மிக்சர் வேண்டும், இல்லாவிட்டால் மண்வெட்டியும் இடிகட்டையும். கெட்டியாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்ற வேண்டாம், இடிக்க இடிக்கத் தானே இளகும். கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி பற்றிக் கேட்பார்கள். கருப்பட்டியின் சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைய வைக்கும், கலவை இளகும், ஆனால் அளவு மீறினால் இறுகுவது தள்ளிப்போகும். ஈர மலையில் பூசணத்துக்கும் அது தீனி. வெளிச்சுவர்ப் பாயிண்டிங்குக்கு அது இல்லாமலே நன்றாக வரும்.

சூடாகக் கலக்கும் முறையில், சுட்ட சுண்ணாம்பைப் பொடித்து ஈர மணலோடு நேரே புரட்டி, வேண்டிய தண்ணீரை விட்டு நீற்றுவார்கள். வெள்ளைப் பொட்டுகள் தங்குவதால் விரிசல் மூட இது மேல். மூட்டு நிரப்பவும் கல் கட்டவும் மட்டும் வையுங்கள். மேல்பூச்சில் வைத்தால் வேகாத கட்டி பிறகு நீறிக் கொப்பளமாக வெடித்துக் குழி விழும்.

10 சதுர மீட்டர் கல் சுவருக்கு, மூட்டுகள் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, ஆழம் 25 மில்லிமீட்டர் என்று வைத்தால் சேதாரத்தோடு 60 லிட்டர் காரை பிடிக்கும். அதற்கு ஊறிய சுண்ணாம்பு 20 லிட்டர், சுர்க்கி 20 லிட்டர், மணல் 40 லிட்டர். நீற்றாத கணக்கில் சுட்ட சுண்ணாம்பு 10 கிலோ. இந்த 10 கிலோ முழுதும் கல்லானாலும் காற்றிலிருந்து எடுப்பது 8 கிலோவுக்குள். ஒரு கன மீட்டர் காற்றில் கரியமில வாயு ஒரு கிராம்கூட இல்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், சுவருக்கு ஏன் இவ்வளவு பொறுமையும் திறந்த முகமும் வேண்டியிருக்கிறது என்று புரியும். ஆழமும் வேகமாகப் போகாது: இரண்டு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு காலம்.

வைக்கும் முறை: பழைய சிமெண்டை உளியால் எடுங்கள், கிரைண்டர் வேண்டாம், அது கல்லின் விளிம்பைக் கடித்துவிடும். மூட்டு அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மில்லிமீட்டர். தூசியைக் கழுவி, கல் தண்ணீர் குடித்து முடித்ததும் ஒரு தடவைக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அழுத்தி நிரப்புங்கள். கட்டை விரல் பதியாத நிலை வந்த பிறகே அடுத்த அடுக்கு. எஃகு கரண்டியால் வழவழப்பாக இழைப்பதுதான் கொத்தனார்கள் பெருமையாக நினைப்பது. இங்கே அதுவே கேடு, மேலே சுண்ணாம்புத் தோல் கட்டி உள்ளே காற்று போகாது. முழுதும் இறுகாமல் பச்சையாக இருக்கும்போது முரட்டுத் தூரிகையால் குத்தி முகத்தைச் சொரசொரப்பாக விடுங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, நாளுக்கு மூன்று நான்கு முறை தண்ணீர் தூவி, நடுவே ஆற விடுங்கள். பாலித்தீன் விரிப்பால் இறுக மூடினால் ஈரம் நிற்கும், காற்று நின்றுவிடும். கடைசியில் பால் பதத்தில் சுண்ணாம்பு வெள்ளை, நாளுக்கு ஒன்றாக ஐந்து மெல்லிய பூச்சு. மயிரிழை விரிசல்களுக்கு அதுவே மருந்து.

காலம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை உதகைப் பக்கம் உறைபனி. பச்சைக் காரையில் உள்ள தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரிந்து எல்லாவற்றையும் பொடியாக்கிவிடும். 5 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் வைக்கவே கூடாது. ஜூன் வந்தால் கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவம்; அக்டோபர் முதல் குன்னூர், கோத்தகிரி, அந்தப் பக்கம் கொடைக்கானலுக்கு வடகிழக்குப் பருவம். மிஞ்சுவது மார்ச் முதல் மே நடுப்பகுதி வரைதான். பராமரிப்பு நிதியோ நிதியாண்டு முடிகிற அவசரத்தில் மார்ச் 31க்குள் செலவாக வேண்டும். அதனால்தான் இரண்டே நாளில் இறுகும் சிமெண்டைப் பூசிப் பில் போட்டுவிடுகிறார்கள்.

பழைய கல் கட்டடங்களைப் பராமரிக்கும் துறைகளிடமும், பள்ளி, தேவாலய, எஸ்டேட் நிர்வாகங்களிடமும் எங்கள் கோரிக்கை: எஸ்டிமேட்டில் சுண்ணாம்புப் பாயிண்டிங்கைத் தனி இனமாகப் போடுங்கள், பினாப்தலீன் சோதனையை அதில் ஒரு வரியாகச் சேருங்கள். ஒப்பந்தத்தை நவம்பருக்குள் முடித்து, நீற்றும் தொட்டியை ஜனவரியிலேயே உறைபனி படாத கொட்டகைக்குள் நிரப்பிவிட்டால், மார்ச் முதல் வாரம் காரை தயாராக இருக்கும். வேலை ஏப்ரல் முடிய நடப்பதற்கும் அந்த ஒப்பந்தத்திலேயே அனுமதி எழுதப்பட வேண்டும்.

இப்படிக்கு,
பழைய கட்டடப் பழுதுபார்ப்புப் பொறியாளரும் சுண்ணாம்புக் கொத்தனாரும்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்